கார்டன் ரீச்: ஒரு தோட்டக்கரையின் நலமும் நலிவும்

கல்கத்தாவுக்குப் பிழைப்பை நாடி வந்த தமிழரிடம் கார்டன் ரீச் எங்கே இருக்கிறது என்று கேட்டால், ‘ரயில்வே தலைமை அலுவலகம் இருக்கும் இடந்தானே?’ என்ற விடைதான் பெரும்பாலும் கிடைக்கும். 1955-ஆம் ஆண்டு தோன்றிய தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் அங்கே அமைந்திருப்பதால், சென்னை செல்லும் வண்டியோடு அவ்வூர்ப் பெயரும் நம்மவர் நினைவில் இணைந்துவிட்டது. ஆனால் அப்பெயரின் பொருளை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. ஆறு ஒரு வளைவைக் கடந்து அடுத்த வளைவை அடையும் வரை நேராக ஓடும் நீர்ப்பரப்பை ஆங்கில மாலுமிகள் ‘ரீச்’ என்றனர். ஹூக்ளி ஆற்றின் கீழ்க்கரையில் அத்தகைய ஒரு பகுதி நெடுகத் தோட்டங்கள் நிறைந்திருந்தமையால் அது கார்டன் ரீச் ஆயிற்று. நம் மொழியில் ‘தோட்டக்கரை’ என்று கூறலாம். பெயரில் தோட்டம் இருக்கிறது. நிலத்தில் இருக்கிறதா என்பதே இன்று நாம் ஆராய விரும்பும் வினா.

ஒரு நிலம் நலமாக இருக்கிறதா, நலிந்திருக்கிறதா என்பதை எவ்வாறு அறிவது? இக்காலத்து அறிவியலார் இதற்கெனப் பல கருவிகளும் கணக்குகளும் வைத்திருக்கின்றனர். தமிழர்க்கு இவ்வினா புதியதன்று. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் தோன்றி வாழும் உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் முதலியன கருப்பொருள் என்றும் தொல்காப்பியர் வகுத்துக் காட்டினார். அவர் இலக்கியத்துக்கு வகுத்த அம்முறையை நிலத்தை நோக்கும் முறையாகவும் நாம் கொள்ளலாம். ஓர் ஊரின் நீர் எப்படி இருக்கிறது, மரம் என்ன ஆயிற்று, பறவை வருகிறதா, மீன் கிடைக்கிறதா, மக்கள் என்ன தொழில் செய்கின்றனர் என்று வரிசையாகக் கேட்டால், அவ்வூரின் உடல்நிலை ஒருவாறு புலப்பட்டுவிடும். கார்டன் ரீச்சில் கடலின் ஓதம் ஆற்று வழியே ஏறி வந்து வயல்நிலத்து நன்னீரோடு கலக்கிறது. நெய்தலும் மருதமும் மயங்கிய நிலம் என்று அதனைக் கொள்வது பொருந்தும். இம்மயக்கமே அவ்வூரின் வளத்துக்கும் இடருக்கும் காரணமாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய உத்தியோகஸ்தர்கள் கல்கத்தாவின் நெருக்கடியிலிருந்து விலகி இக்கரையில் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டனர். கடலிலிருந்து கப்பலில் ஏறி வருவோர் கண்ணில் நகரத்துக்கு முன்னதாகப் படுவன பசும்புல் தரைகளும் வெண்ணிற மாளிகைகளுமே. ஆசியக் கழகத்தை 1784-இல் நிறுவிய வடமொழி அறிஞர் சர் வில்லியம் ஜோன்ஸ் வாழ்ந்ததும், 1794-இல் உயிர் நீத்ததும் இக்கரையில் இருந்த தமது இல்லத்தில்தான். அவர் மொழிகளை ஆராய்ந்ததோடு செடிகொடிகளையும் ஆராய்ந்தார். நம் இலக்கியங்கள் போற்றும் அசோக மரத்துக்கு அவர் பெயராலேயே ‘ஜோன்ஸியா’ என்று ஒரு காலத்தில் அறிவியற் பெயர் வழங்கிற்று. அப்பெயரைச் சூட்டியவர் எதிர்க்கரையில் வாழ்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க்.

எதிர்க்கரையைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். கார்டன் ரீச்சுக்கு நேர் எதிரே, ஹௌராவைச் சேர்ந்த சிப்பூரில், 1787-ஆம் ஆண்டு கர்னல் ராபர்ட் கிட் என்பவர் ஒரு தாவரத் தோட்டத்தை ஏற்படுத்தினார். 1770-இல் வங்கத்தை வாட்டிய பெரும் பஞ்சம் அப்பொழுது மக்கள் நினைவைவிட்டு அகலவில்லை. பஞ்சத்தைத் தாங்கக்கூடிய உணவுப் பயிர்களை வளர்க்கவேண்டும், கப்பல் கட்டத் தேக்கு வளர்க்கவேண்டும் என்பன கிட்டின் நோக்கங்கள். அவருக்குப் பின் 1793-இல் பொறுப்பேற்ற ராக்ஸ்பர்க் நம் பக்கத்திலிருந்து சென்றவர். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணிபுரிந்து, சாமல்கோட்டையில் பயிர்களை ஆய்ந்து, தரங்கம்பாடிக்கு வந்திருந்த கோனிக் என்னும் தாவர அறிஞரின் தொடர்பால் ஊக்கம் பெற்றவர் அவர். சோழமண்டலக் கரையில் கற்ற கல்வி ஹூக்ளிக் கரையில் பயன்பட்டது. 1814-இல் வெளிவந்த அத்தோட்டத்தின் பட்டியலில் ஏறத்தாழ 3,500 வகைத் தாவரங்கள் இடம்பெற்றன. இந்தியத் தாவர இயலின் தந்தை என்று ராக்ஸ்பர்க்கை அழைப்பது இதனால்தான்.

ஆயினும் கிட் விரும்பிய தேக்கு அங்கே செழிக்கவில்லை. பல ஆண்டுகள் முயன்றும், வண்டல் படிந்த ஈரமண்ணில் நின்ற தேக்கு மரங்கள் நல்ல மரமாகத் தேறவில்லை. அதே மண்ணில் ஆலமரமோ எல்லையின்றிப் பரந்தது. அத்தோட்டத்தின் பேராலமரம் இன்று ஏறத்தாழ 19,000 சதுர மீட்டர் பரப்பில் விழுதூன்றி நிற்கிறது. நோயுற்ற அதன் அடிமரத்தை 1925-இல் அகற்றிய பின்னும் விழுதுகளே மரத்தைத் தாங்கி வருகின்றன. அரசாங்கம் எதை விரும்பினாலும், இந்நிலத்தில் எது வாழும் என்பதை மண்ணும் நீருமே முடிவு செய்தன. நிலத்தைப் பற்றி இக்கரைகள் புகட்டிய முதற்பாடம் இதுவே.

1856-இல் கார்டன் ரீச்சின் வரலாறு வேறு திசையில் திரும்பிற்று. ஆங்கிலேயரால் அரசு பறிக்கப்பட்ட அவத் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்து, மட்டியாபுருஜ் என்னும் இடத்தில் குடியேறினார். மண் கோட்டை என்பது அப்பெயரின் பொருள். ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் ஓய்வூதியம் பெற்ற அவர், இழந்த லட்சுமணபுரியை அக்கரையிலேயே மீண்டும் படைத்துக்கொள்ள முயன்றார். மாளிகைகள், இமாம்பாராக்கள், தோட்டங்கள், குளங்கள் எழுந்தன. பெரியதொரு விலங்குக் காட்சிச் சாலையும் அங்கே அமைந்தது. புலிகளும் மான்களும் ஆயிரக்கணக்கான புறாக்களும் இருந்தன. செயற்கையாக எழுப்பிய ஒரு குன்றில் பாம்புகள் வளர்க்கப்பட்டன என்பதை, இளமையில் அவ்வூரில் வாழ்ந்த உருது எழுத்தாளர் அப்துல் ஹலீம் ஷரர் எழுதிவைத்திருக்கிறார். 1887-இல் நவாப் மறைந்ததும் அச்சொத்துக்கள் ஏலத்தில் சிதறின, விலங்குகளும் விலைபோயின. அவரோடு வந்த மக்கள் மட்டும் அங்கேயே தங்கினர். மட்டியாபுருஜின் புகழ்பெற்ற தையல் தொழிலுக்கு அவர்களே வித்திட்டனர் என்று கூறுவர்.

நவாபின் காலத்திலேயே இயற்கை தன் வலிமையைக் காட்டிற்று. 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் நாள் கடும் புயலும், அதனுடன் ஆற்றில் ஏறி வந்த கடலலையும் கல்கத்தாவைத் தாக்கின. பல்லாயிரவர் மாண்டனர், துறைமுகத்துக் கப்பல்கள் கரையில் எறியப்பட்டன. எதிர்க்கரைத் தோட்டத்தில் எண்ணிறந்த மரங்கள் சாய்ந்தன. மூன்றாண்டில், 1867-இல், மற்றொரு புயல் எஞ்சியவற்றிலும் பலவற்றைச் சாய்த்தது. 1871-இல் பொறுப்பேற்ற ஜார்ஜ் கிங் அத்தோட்டத்தைப் புதிதாக அமைக்கையில் ஏரிகளுக்கு முக்கிய இடம் அளித்தார். ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு, மதகுகளின் வழியே ஆற்றோடும் தொடர்புகொண்ட நீர்நிலைகள் அவை. 2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் ‘அம்பன்’ புயல் வீசியபொழுதும் அங்கே ஏராளமான மரங்கள் விழுந்தன, பேராலமரமும் புண்பட்டது. எனினும் மரம் நடவும் நீர் தேங்கவும் அங்கே இடம் இருக்கிறது. விழுந்தது மீண்டும் எழ வழியுண்டு. கீழ்க்கரையில் அத்தகைய இடம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது?

கீழ்க்கரை அதற்குள் தொழிற்கரையாக மாறிவிட்டது. 1884-இல் ஆற்று நீராவிக் கப்பல்களைப் பழுது பார்க்க ஒரு சிறு பட்டறை தோன்றிற்று. 1960-இல் இந்திய அரசு அதனை ஏற்றது; 1961-இல் ‘அஜய்’ என்னும் போர்க்கப்பலை அது கடற்படைக்குக் கட்டித் தந்தது. 1887-இல் வங்காள நாகபுரி ரயில்வே கம்பெனி தோன்றி, பின்னர் கார்டன் ரீச்சில் தன் தலைமை அலுவலகத்தை நிறுவிற்று. 1892-இல் அருகே கிதிர்பூர்த் துறை திறக்கப்பட்டது. 1920-களின் இறுதியில் மற்றொரு பெருந்துறை அமைந்தது. நேதாஜி சுபாஷ் துறை என்று அதற்கு இப்பொழுது பெயர். சணல் ஆலைகளும் பஞ்சாலைகளும் எழுந்தன. தோட்ட வீடுகள் அலுவலகங்களாயின; புல்தரைகள் கிடங்குகளாயின. பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் தென்னாட்டிலிருந்தும் ஆயிரமாயிரம் குடும்பங்கள் இத்தொழில்களால் வாழ்ந்தன. அவ்வாறு வாழ்ந்தோரில் நம்மவரும் உண்டு. ஆதலால் தொழிலைப் பழித்து நாம் பேசுதல் முறையாகாது. தொழில் வளர்ந்த வேகத்தில் நீரும் மரமும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை என்பதே இங்குள்ள குறை.

முதலில் ஆற்றைக் கணக்கிடுவோம். குளிப்பதற்குத் தகுந்த நீர் எது என்பதற்கு நம் நாட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளவுகள் வகுத்துள்ளது. ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள உயிர்வளி 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. அழுகும் பொருள்களைச் சிதைக்க வேண்டப்படும் உயிர்வளி 3 மில்லிகிராமைத் தாண்டலாகாது. கழிவைக் காட்டும் நுண்ணுயிர்கள் 100 மில்லிலிட்டரில் 500-க்கு மேற்படலாகாது. கல்கத்தாவை ஒட்டிய ஹூக்ளியில் நுண்ணுயிர்க் கணக்கு ஆண்டுக்கணக்காக இவ்வரம்பைப் பன்மடங்கு மீறி வந்திருக்கிறது. மீனைக் கேட்டாலும் இதே செய்திதான். கடலிலிருந்து ஏறி வந்து நன்னீரில் முட்டையிடும் இலிஷ் மீன், ஒரு காலத்தில் கங்கையில் அலகாபாத்துக்கு அப்பாலும் சென்றது. துறைமுகத்தின் வண்டலைக் கழுவி நீக்குவதற்காக 1975-இல் பரக்கா அணை இயங்கத் தொடங்கியபின் அப்பயணம் தடைபட்டது. துறைமுகத்தைக் காக்க வந்த அணை, மீனின் வழியை அடைத்தது. கண்ணொளி குன்றி ஒலியால் வழியறியும் கங்கை ஓங்கிலை 2009-இல் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தனர். முன்னர் இயல்பாகக் காணப்பட்ட அவ்வுயிர் இத்துறைகளின் அருகே இன்று தென்படுவது அரிது.

அடுத்து, குளங்களைக் கணக்கிடுவோம். கல்கத்தாவில் ஆண்டுக்கு 1,600 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது; அதிற் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டிவிடும். ஓதம் ஏறும் வேளையில் ஆறு உயர்ந்து நிற்பதால் வடிகால்களின் மதகுகளை அடைத்தாக வேண்டும். அவ்வேளையில் பெய்யும் மழை எங்கே போகும்? அதனைத் தாங்கிக்கொள்ளவே குளங்கள் இருந்தன. ஓதம் வடியும் வரை நீரை வைத்திருந்து, பின்னர் மெல்ல விடுவது அவற்றின் பணி. நம் ஊரில் கோடைக்காகக் குளம் வெட்டினோம். அங்கே மழைக்காலத்துக்காகவும் குளம் வேண்டும். இதனை உணர்ந்தே, ஐந்து கட்டா, அதாவது 0.035 ஹெக்டேர், அல்லது அதற்கு மேற்பட்ட நீர்நிலையைத் தூர்ப்பதை மேற்கு வங்கச் சட்டம் 1993-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தடை செய்தது.

சட்டம் இருந்தும் குளங்கள் மறைந்தன. 1984-இல் கார்டன் ரீச் நகராட்சி கல்கத்தா மாநகராட்சியுடன் இணைந்தபின் மனை விலை ஏறிற்று. சந்துகளில் ஐந்தடுக்கு, ஆறடுக்கு வீடுகள் எழுந்தன. 2024-ஆம் ஆண்டு மார்ச் 17-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி, கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஐந்தடுக்குக் கட்டடம் ஒன்று அருகிலிருந்த குடிசைகள்மேல் சரிந்து விழுந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்கட்டடத்துக்கு முறையான அனுமதி இல்லை. தூர்க்கப்பட்ட நீர்நிலையின் மேல் அது எழுப்பப்பட்டது என்று அப்பொழுது செய்திகள் வெளிவந்தன. விழுந்த இடத்தின் பெயர் ‘பாகான்’ என்று முடிகிறது. வங்காளியில் பாகான் என்றால் தோட்டம். மாண்டவர்களில் பெரும்பாலோர் அக்கட்டடத்தால் பொருளீட்டியவர்கள் அல்லர். அதன் அடியில் உறங்கிய ஏழைகள் பலர். நிலத்தின் நலிவை ஏட்டில் உள்ள ஓர் எண் என்று எவரேனும் கருதினால், இந்நிகழ்ச்சியை அவர் நினைத்துக்கொள்ளல் வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின் மனம் சோர்வது இயல்பு. ஆயினும் அதே கார்டன் ரீச் எல்லையில், தாராதலா சாலையை ஒட்டி, நம் சோர்வை நீக்கும் ஒரு காட்சியும் உண்டு. துறைமுகத்துக்குச் சொந்தமான, ஏறத்தாழ 80 ஹெக்டேர் சதுப்பு நிலம் ஒன்று அங்கே கழிவுநீர் தேங்கிப் பயனற்றுக் கிடந்தது. ஆலைகளின் கழிவும் வீடுகளின் கழிவும் அதன் வழியே ஆற்றை நோக்கி ஓடின. 1960-களின் தொடக்கத்தில் மீனவர்கள் சிலர் ஒன்றுகூடி முதியாலி மீனவர் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்து, அந்நீரில் மீன் வளர்க்கத் தலைப்பட்டனர்.

அவர்கள் கையாண்ட முறை எளியது. வரும் கழிவுநீரை முதலில் தேக்கிச் சுண்ணாம்பு இட்டு, கசடு படியச் செய்வர். பின்னர் அதனை ஒரு குளத்திலிருந்து அடுத்த குளத்துக்கு மெல்ல நகர்த்துவர். கரையோரத்தில் கட்டுக்குள் வளர்க்கும் ஆகாயத்தாமரை எண்ணெய்ப் பசையையும் உலோகங்களையும் ஓரளவு இழுத்துக்கொள்ளும். ஆழமில்லாத நீரில் வெயில் பட்டதும் பாசி உயிர்வளியைத் தரும். அவ்வுயிர்வளியால் நுண்ணுயிர்கள் அழுக்கைச் சிதைக்கும். பாசியையும் நுண்ணுயிரையும் மீன்கள் உண்ணும். கடைசிக் குளத்தை விட்டு ஆற்றுக்குச் செல்லும் நீர், வந்த நீரைவிடத் தூயது. சங்கத்தார் கரைகளில் மரங்களை நட்டனர். மரம் வந்ததும் பறவை வந்தது. பறவை வந்ததும் மக்கள் வந்தனர். 1980-களில் அவ்விடம் இயற்கைப் பூங்காவாக உருவெடுத்தது.

இடர்களும் வாராமல் இல்லை. நிலம் துறைமுகத்துடையது, உழைப்பு மீனவருடையது. எனவே உரிமை பற்றிய வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. மேலும், ஆலைக் கழிவில் உள்ள உலோகங்கள் மீனுடலில் சேரக்கூடும் என்னும் ஐயத்தை அறிவியலார் எழுப்பியுள்ளனர். அவ்வையம் நியாயமானது. அதற்கு மருந்து, மீனையும் நீரையும் இடைவிடாது அளந்து பார்ப்பதும், நச்சுப் பொருளை ஆலையின் வாயிலிலேயே தடுப்பதுமாகும். குளத்தைத் தூர்ப்பது மருந்தாகாது.

இதே அறிவைக் கல்கத்தாவின் கிழக்கே பெருமளவில் காணலாம். அங்கே ஏறத்தாழ 12,500 ஹெக்டேர் ஈரநிலம் மாநகரின் கழிவுநீரை ஏற்று மீனும் நெல்லும் காய்கறியும் தருகிறது. மீனவரும் உழவரும் பட்டறிவால் கண்ட அம்முறையைப் பொறியாளர் துருவஜ்யோதி கோஷ் ஆராய்ந்து உலகறியச் செய்தார். 2002-இல் அந்நிலம் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புவாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. நம் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் பெரும்பகுதியை இழந்தபின், 2022-இல் அதே மதிப்பைப் பெற்றது. இரு நகரங்களும் ஒரே பிழையைச் செய்தன. ஒரே பாடத்தை, சற்றுத் தாமதமாகவே, கற்றுவருகின்றன.

இதனால் நாம் அறிவது யாது? முதலாவது, நிலத்தின் நலத்தை அறியப் பெருங்கருவி தேவை என்று காத்திருக்க வேண்டுவதில்லை. நம் தெருவில் மழைநீர் எத்தனை நாழிகை நிற்கிறது, பத்தாண்டுக்கு முன் இருந்த குளம் இன்று உண்டா, அதன்மேல் தும்பி பறக்கிறதா, எந்தப் பறவை எந்த மாதத்தில் வருகிறது, மீன் விற்பவர் எவ்வூர் மீனைக் கொணர்கிறார் என்று குறித்துவைத்தாலே போதும். அக்குறிப்பு ஐந்தாண்டு தொடர்ந்தால் ஆவணமாகிவிடும். இரண்டாவது, ஊரார் கண்காணிக்கும் நீர்நிலையே நிலைக்கும். குடிமராமத்து என்று நம் முன்னோர் கண்டதும், முதியாலி மீனவர் கூட்டுறவு என்று கண்டதும் ஒரே உண்மைதான். மூன்றாவது, வாழ்க்கைக்கு வருவாய் தருகிற குளத்தைத் தூர்க்க எவரும் எளிதில் துணியார். இயற்கையைக் காப்போர் அதனால் உண்ணவும் வழி இருத்தல் வேண்டும்.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. நம் குளம், நம் ஆறு என்றால் தாமிரபரணியையும் காவிரியையும் எண்ணிப் பெருமூச்சு விடுவோம். குடியிருக்கும் ஊரின் குளத்தை அயலார் சொத்தாகக் கருதி ஒதுங்குவோம். ஆனால் நம் குழந்தைகள் அருந்துவது இவ்வூர் நீர். மழை பெய்தால் நம் வாசலில் ஏறுவது இவ்வூர் வெள்ளம். சோழமண்டலத்தில் கற்ற ஒருவர் ஹூக்ளிக் கரையில் ஆயிரக்கணக்கான செடிகளைப் பெயரிட்டு எண்ணிவைத்தார். அவ்வளவு வேண்டாம். நாம் வாழும் தெருவுக்கு அருகில் உள்ள ஒரு குளத்தின் பெயரை நாம் அறிவோமா? அது எவ்வளவு பரப்புடையது, சென்ற ஆண்டைவிட இவ்வாண்டு சுருங்கியிருக்கிறதா என்று கூற நம்மால் இயலுமா? தமிழ்ச் சங்கங்கள் பொங்கலும் இலக்கிய விழாவும் நடத்தும் ஆர்வத்தோடு, ஆண்டுக்கொருமுறை இளைஞர்களை அழைத்துச் சென்று இக்கணக்கை எடுக்கட்டும். அண்டை வீட்டு வங்காளியரையும் பீகாரியரையும் உடன் அழைக்கட்டும். தோட்டக்கரையில் தோட்டம் மீளுமா என்பது, அதன் குளங்களை எண்ணிவைக்க எத்தனை பேர் முன்வருவர் என்பதைப் பொறுத்தது.